பனியோடு மலையேறும் புகை

மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் குருமண்வெளித் துறையில் நின்று பார்த்தால் சில நாட்களில் அக்கரை மண்டூர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாவியின் மேல் பனி இறங்கி நிற்கும். வெயில் ஏறியதும் அது கலைந்து போகும். நாமும் அதை மறந்து விடுவோம். மாம்பூ கருகினால் பனி, பிள்ளைக்குச் சளி பிடித்தால் பனி என்று பழியை அதன் மேல் போட்டுவிட்டு எமது வேலையைப் பார்க்கிறோம். பனி என்பது வெறும் நீர்தான், அது யாருக்கும் பெரிதாகத் தீங்கு செய்யாது என்பதே எமது எண்ணம்.

இந்த எண்ணத்தை ஒரு தடவை அசைத்துப் பார்த்த நாள் 2022 டிசம்பர் 8. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்ற வேளை அது. அன்று காலை முதல் நாட்டின் பல பகுதிகளில் வானம் மங்கிக் கிடந்தது. முதலில் அது பனிமூட்டம் என்றே பலரும் நினைத்தோம். இந்தியப் பெருநிலத்தில் இருந்து காற்று அள்ளி வந்த தூசும் புகையும் அது என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தரம் மோசமாக உள்ளது என எச்சரித்தது. மறுநாள் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. அவை குளிரினால் இறந்தவை, புகையினால் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசியவர்களும் உண்டு. ஆனால் ஒரு விடயம் எல்லோருக்கும் விளங்கியது. எங்கோ எரிக்கப்பட்டது எமது முற்றத்துக்கு வருகிறது.

எமக்கு அது ஓரிரு நாள் துன்பம். மூக்கைப் பொத்திக் கொண்டு வீட்டுக்குள் இருந்தோம்; பிறகு மழை பெய்து காற்றைக் கழுவியது. வீட்டுக்குள் ஓட முடியாத உயிர்களுக்கு, அதாவது வருடத்தில் பெரும்பகுதி முகிலுக்குள்ளேயே நிற்கின்ற மரங்களுக்கு, இது என்ன செய்யும் என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இப்போது கேட்க விரும்புகிறோம். அதற்காக வாசகர்களை எமது வாவிக்கரையில் இருந்து மத்திய மலைநாட்டுக்கு, ஹோட்டன் சமவெளிக்கு, சற்று அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,100 மீற்றருக்கு மேல் அமைந்த மேட்டு நிலம். 1988இல் அது தேசிய பூங்கா ஆக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. எம்மவரில் பலர் 'உலக முடிவு' என்னும் பாதாளத்தைப் பார்க்கவே அங்கு போகிறார்கள். பஸ்ஸில் பாட்டும் கூத்துமாகப் போய், அந்த இடத்தில் பனி மூடியிருந்தால் ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் சலித்துத் திரும்புகிறார்கள். எம்மில் சிலரும் அப்படித் திரும்பியவர்களே. ஆனால் அந்தப் பயணத்தில் பாதையோரம் நாம் கண்ட வேறொரு காட்சி மனதை விட்டு அகலவில்லை. பச்சைக் காட்டின் நடுவே இலையில்லாத வெள்ளை மரங்கள் கூட்டங்கூட்டமாக நின்றன. எரிந்த அடையாளம் இல்லை. கோடரி விழுந்த தழும்பும் இல்லை. உச்சியில் இருந்து கீழ்நோக்கிக் காய்ந்து, நின்ற நிலையிலேயே செத்த மரங்கள் அவை.

அவை எமக்கு அந்நியமான மரங்களும் அல்ல. அங்கே அதிகமாகச் சாகின்ற மரங்களில் ஒன்று எமது நாவலின் உறவு. இன்னொன்று கடற்கரையில் நாம் நிழலுக்கு ஒதுங்கும் புன்னையின் உறவு. மலையின் குளிருக்கும் காற்றுக்கும் ஏற்றபடி குட்டையாகவும் முறுகியும் தடித்த சிறு இலைகளுடனும் வளர்ந்தவை. அவற்றின் கிளைகளில் பாசி தொங்கும். ஒரு விரல் அளவு தடிப்புக்கு அந்த மரம் எடுக்கும் காலத்தைச் சிந்தித்தால், சாகும் ஒரு மரத்துக்குப் பதிலாக இன்னொன்றை நட்டு விடலாம் என்று யாரும் எளிதாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சாவு 1970களின் பிற்பகுதியில் தொட்டுபொலகந்தைப் பக்கத்தில் அவதானிக்கப்பட்டது. 1978 என்றால் எமது மாவட்டத்தவர் வேறு எதையும் நினைக்க மாட்டார்கள். அந்த வருடம் நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. அதைக் கண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நிவாரணம் வந்தது, மீள்நடுகை நடந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மலையில் தொடங்கிய சாவுக்குச் சத்தம் இல்லை. அதற்கு ஒரு நாளும் திகதியும் இல்லை. பின்னர் ஆய்வாளர்கள் கணித்துப் பார்த்தபோது பூங்காவின் காட்டில் ஏறக்குறைய கால் பங்கு இந்த நோய்க்கு உட்பட்டிருந்தது.

காரணம் என்ன? முதலில் பனியின் தன்மையை விளங்கிக் கொள்வது நல்லது. உயர்ந்த மலைக்காடு மழையை மட்டும் குடித்து வாழ்வதில்லை. தவழ்ந்து வரும் முகிலை இலையாலும் பாசியாலும் சீப்பால் வாருவது போல வாரி, அந்த நீரைத் துளித்துளியாக மண்ணுக்கு இறக்குகிறது. மழை இல்லாத நாளிலும் அந்த மரங்களின் கீழ் நிலம் நனைந்திருப்பது இதனால்தான். ஓடைகள் வறளாமல் இருப்பதற்கும் இது துணை. பனித்துளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு மழைத்துளியில் இருக்கும் நீரைப் பனித்துளிகளாகப் பிரித்தால் பத்து இலட்சம் துளிகள் வரை கிடைக்கும். அத்தனை துளிகளும் காற்றில் மணிக்கணக்காக மிதந்தபடி, காற்றில் உள்ள கந்தகப் புகையையும் வாகனப் புகையையும் தூசையும் தம்முள் இழுத்துக் கொள்கின்றன. மழை பெரிய வாளி நீரில் ஒரு பிடி உப்பைக் கரைப்பது போன்றது என்றால், பனி ஒரு சிரட்டை நீரில் அதே உப்பைக் கரைப்பது போன்றது. ஒரே காற்று, ஒரே புகை. ஆனால் பனியில் அமிலம் மழையை விடப் பல மடங்கு செறிவாக இருக்கும்.

இது வெறும் கணக்கு அல்ல. 1982 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் உள்ள கொரோனா டெல் மார் என்ற இடத்தில் அளக்கப்பட்ட பனிமூட்டத்தின் பி.எச். பெறுமானம் 1.7. எமது தேசிக்காய்ப் புளியை விடக் கடுமையான புளிப்பு அது. அந்தப் பனிக்குள் மனிதர் நடந்து திரிந்தார்கள். மழை கழுவி ஓடிவிடும். பனியோ இலையின் மேல் மெல்லிய படலமாக ஒட்டி நிற்கும். வெயில் பட்டு அதன் நீர் ஆவியாகப் போகப் போக மிச்சம் நிற்கும் அமிலம் இன்னும் செறியும். மறுநாள் மறுபடியும் பனி, மறுபடியும் வெயில். இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு அரிக்கப்படுகிறது. இலைக்குள் இருக்கும் கல்சியம் கசிந்து வெளியேறுகிறது. கீழே மண்ணிலும் அமிலம் சேர்ந்து, வேருக்கு வேண்டிய சத்துக்களைக் கழுவிக் கொண்டு போக, வேருக்கு நஞ்சான அலுமினியம் கரைந்து எழுகிறது. மேலே பசி, கீழே நஞ்சு.

அமெரிக்காவின் வடகிழக்கு மலைகளில் செந்தேவதாரு இன மரங்கள் 1960கள் தொடக்கம் காய்ந்து செத்தபோது, விஞ்ஞானிகள் வந்து சேர்ந்த விளக்கம் எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. அமிலப் பனி அந்த மரங்களை நேரடியாகக் கொல்லவில்லை. இலையில் இருந்து கல்சியத்தை உருவியதால் குளிரைத் தாங்கும் வல்லமையை மரம் இழந்தது. அதற்கு முன் தாங்கிய அதே மாரிக்குளிர் பிறகு அதைக் கொன்றது. ஹோட்டன் சமவெளியிலும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை உறைபனி விழும் இரவுகள் உண்டு. அங்கே நடப்பதும் இதுவேதான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மரத்தைக் கொன்றது எது என்று தேடும்போது கடைசி அடியை மட்டும் பார்த்தால் போதாது என்பதை இது காட்டுகிறது.

எமது நாட்டு ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. வாகனப் புகையால் வந்த அமிலப் பனியும் ஈயமும் என்றார் சிலர். மண்ணே இயல்பில் புளிப்பானது, கல்சியம் குறைந்தது என்றார் வேறு சிலர். வரட்சி, பூஞ்சண நோய், வெப்பம் கூடுதல் என்று வேறு கருத்துகளும் உண்டு. இந்தக் கருத்து வேற்றுமையைக் காட்டி 'இன்னும் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே ஒன்றும் செய்யத் தேவையில்லை' என்று சொல்வோர் இருக்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. கிராமத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த ஓர் உண்மை உண்டு. போசாக்குக் குறைந்த பிள்ளை சின்னமுத்தில் இறந்தால் வைத்தியர் சின்னமுத்து என்று எழுதுவார். அதே நோய் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வந்து மாறியிருக்கும். எது கொன்றது? நோயா, பசியா? இயல்பிலேயே புளிப்பான மண்ணில் நிற்கும் மரத்துக்குத்தான் மேலதிகப் புளிப்பு ஆபத்து. மண் பலவீனம் என்பது புகையை விடுவிக்கும் சாட்சியம் அல்ல. புகைக்கு எதிரான சாட்சியம்.

முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் செய்த நல்ல காரியங்களும் எம்மிடம் உண்டு. 2002 ஜூன் மாதத்தில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளையைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது அது. மலைமரத்தை யாரும் அப்போது எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் அன்று முதல் மலைக்குப் போகும் காற்றில் ஒரு நஞ்சு குறைந்தது. வெளிநாட்டிலும் அப்படியே. 1980களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் காடு சாகிறது என்ற கூக்குரல் எழுந்தபோது, காரணம் பற்றி விஞ்ஞானிகள் வாதாடிக் கொண்டிருக்கையிலேயே 1983இல் பெரிய அனல் நிலையங்களின் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. மேலே சொன்ன அந்தச் செந்தேவதாரு மரங்கள் அண்மைக் காலத்தில் மீண்டும் நன்றாக வளரத் தொடங்கியிருப்பதாக அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன. செத்த மரம் எழுந்து நிற்கவில்லை, பிழைத்தவை தேறின.

இனி, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் எமக்கும் அந்த மலைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு வருவோம். எமது கமக்காரருக்கும் மீனவருக்கும் காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. வைகாசிக்குப் பின் மேற்கில் இருந்து கச்சான் வீசும். மலையின் அப்பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எம்மிடம் இறங்கும் காற்று அது. மாரியில் இதற்கு எதிர்மாறு. வாடையும் கொண்டலும் கடலில் இருந்து வந்து, எமது ஊர்களைக் கடந்து, படுவான்கரை வயல்களைக் கடந்து மேற்கே ஏறுகின்றன. கச்சான் காலத்தில் மலை எமக்கு அனுப்புகிறது. வாடைக் காலத்தில் நாம் மலைக்கு அனுப்புகிறோம். 1999இன் தொடக்கத்தில் மாலைதீவைத் தளமாகக் கொண்டு வீரபத்ரன் ராமநாதன் போன்ற விஞ்ஞானிகள் நடத்திய இந்து சமுத்திர ஆய்வில், இந்த வரண்ட பருவத்தில் தெற்காசியாவின் புகை கடலின் மேல் பழுப்புப் போர்வையாகப் பரந்து கிடப்பது தெரியவந்தது. அதற்கு முதல் வருடம், 1998இல், இலங்கை உட்படத் தெற்காசிய நாடுகள் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி மாலே பிரகடனத்தில் ஒப்பமிட்டிருந்தன. ஒப்பமிட்டது மெச்சத்தக்கது. ஆனால் 2022 டிசம்பரில் எமது வானம் மங்கியதை அந்த ஒப்பம் தடுக்கவில்லை.

அயல்நாட்டைக் குறை சொல்வது எளிது. எமது கரையிலேயே பெரிய புகை எழ இருந்ததை மறந்துவிடக் கூடாது. திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல் மின் நிலையம் ஒன்றை அமைக்க 2006இல் இந்தியாவுடன் உடன்பாடு செய்யப்பட்டது. அதே வருடம் யுத்தத்தினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வர அவர்கள் பட்ட பாட்டை நாடறியும். அந்தத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்று நிலக்கரிக்கு எதிராக மக்கள் பேசியபோது காணி, கடல், மீன், சுவாச நோய் என்பவையே முன்னின்றன, அது நியாயமே. ஆனால் வாடைக்காற்று அந்தப் புகையை எந்தத் திசைக்குக் கொண்டு போகும், நக்கிள்ஸ் மலையிலும் அதற்கப்பாலும் பனியில் அது எப்படிக் கலக்கும் என்ற கேள்வி போதிய அளவு எழவில்லை. மேற்குக் கரையில் நுரைச்சோலை நிலையம் 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாட்டாக முழுமை பெற்றது. எதிர்காலத்தில் மின்வெட்டு வரும்போதெல்லாம் நிலக்கரி என்ற பேச்சு மறுபடியும் தலைதூக்கும். அப்போது மலைக்காட்டின் பங்கையும் கணக்கில் வைத்துப் பேச எமது மக்கள் அமைப்புகள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

எமது கைகளும் சுத்தமில்லை. முன்பு சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களத்துமேட்டில் போராகக் குவிந்தது. மாடு தின்றது, கூரை வேய்ந்தோம். இன்று வெட்டு மெசின் வட்டைக்குள் இறங்கி, வைக்கோலை வயல் முழுவதும் சிதறிவிட்டுப் போகிறது. அதைச் சேர்க்கக் கூலி கட்டுபடியாகாது என்று நெருப்பு வைக்கிறோம். அறுவடைக் காலத்து மாலைகளில் படுவான்கரையில் எழும் புகை இரவுப் பனியோடு சேர்ந்து விடியும் வரை நிலத்தைப் பிடித்துக் கொண்டு நிற்பதைப் பார்க்காதவர் யார்? ஊருக்குள்ளே பொலித்தீனும் ரயரும் எரிகின்றன. வைக்கோல் புகையையும் நிலக்கரிப் புகையையும் ஒரே தராசில் வைக்க நாம் விரும்பவில்லை. கந்தகம் அதிகம் வருவது நிலக்கரியிலும் டீசலிலும் இருந்தே. ஏழைக் கமக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பெரிய புகைபோக்கிகளை மறந்துவிடும் சூழல் பேச்சு எமக்கு உடன்பாடானது அல்ல. ஆனால் எமது புகைக்கு நாமே பொறுப்பு. மேலும் நெற்பயிர் மண்ணில் இருந்து எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே இருக்கிறது. எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும். சாம்பலில் மிஞ்சுவதை முதல் மழை வாவிக்குக் கொண்டு போகும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது பசளை தேடி அலைந்தவர்கள் நாமே. அதற்கு முந்திய போகத்தில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்தவர்களும் நாமே.

மலைக்காடு போனால் எமக்கு என்ன நட்டம் என்று கேட்போருக்கு ஒரு சொல். எமது நவகிரி, உன்னிச்சைக் குளங்களுக்கு ஹோட்டன் சமவெளியின் நீர் வருவதில்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்த மாட்டோம். ஆனால் அங்கே ஊறும் அக்ரா ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. மகாவலியின் நீர் மினிப்பேயில் திருப்பப்பட்டு, சுரங்க வழியாக மாதுறு ஓயா நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அந்த ஆறு கடலைச் சேர்வது எமது மாவட்டத்தின் வட பக்கத்தில். அந்த மலைகளின் அடிவாரத்தில் வாழும் தோட்ட மக்களும் மரக்கறிச் செய்கையாளரும் குடிப்பது அந்த ஓடை நீரையே. மலையகத்தில் இருந்து துரத்தப்பட்டு வந்து எமது மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் எம்மிடையே உண்டு; அவர்களுடைய உறவினர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

செய்யக் கூடியது என்ன? பனியை அளக்காமல் பனியைப் பற்றி வாதாடிக் கொண்டிருப்பதில் பயனில்லை. மழைமானி போல நிரந்தரமான பனிமானிகள் ஹோட்டன் சமவெளி, பிதுருதலாகலை, நக்கிள்ஸ் ஆகிய இடங்களில் வைக்கப்பட்டு, அதன் அளவுகள் மூன்று மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். அது அரசின் கடமை. பனியைப் பிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு சட்டத்தில் நைலோன் இழைகளை நெருக்கமாகக் கட்டிக் காற்றுக்கு எதிரே நிறுத்தினால் நீர் வழிந்து கீழேயுள்ள போத்தலில் சேரும். எமது பாடசாலைகளின் விஞ்ஞான ஆய்வுகூடங்களில் பி.எச். தாள் உண்டு. மார்கழி, தை மாதப் பனியை வாவிக்கரைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் நாள்தோறும் பதிந்து வந்தால், மூன்று நான்கு வருடங்களில் எமக்கென்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கொப்பியோடு அதிகாரிகள் முன் போவதும் வெறுங்கையோடு போவதும் ஒன்றல்ல.

வைக்கோல் விடயம் இதைவிட அருகில் இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் என்று தீர்மானம் எழுதுகிறோம். வரும் பெரும்போகக் கூட்டத்தில் அதே தாளில் இன்னொரு வரியையும் சேர்க்கும்படி கமக்கார அமைப்புகளைக் கேட்டுக் கொள்கிறோம்: அறுவடை முடிந்த வட்டைகளில் வைக்கோல் எரிப்பதில்லை, மாடு வளர்ப்போர் இத்தனை நாளுக்குள் வேண்டியதை ஏற்றிச் செல்லலாம், மிச்சம் உழவில் மண்ணுக்குள் போக வேண்டும். ஏற்றுவதற்கு உழவு இயந்திரப் பெட்டியை யார் கொடுப்பது, டீசல் செலவை யார் பொறுப்பது என்று அங்கே சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டையை அந்தக் கூட்டத்திலேயே பேசித் தீர்க்கலாம்.